தோட்டாவுக்கு ஒரு சட்டம்

மதுரை வெண்கலக்கடைத் தெருவில் பித்தளைக் குடம் விலை பேசியிருப்பீர்கள். அடிக்க அடிக்கப் பித்தளை இறுகும். விடாமல் அடிச்சா கீறல் விட்டுரும். அதனால்தான் கன்னார் நடுநடுவே நெருப்பில் காட்டி இளக வைக்கிறார். துப்பாக்கித் தோட்டாவின் கூடும் பித்தளைதான். 70 பங்கு தாமிரம், 30 பங்கு துத்தநாகம். வைத்தியமும் அதேதான்.

1857-ல் பிடித்த பயம் வெள்ளைக்காரனுக்குக் கடைசிவரை போகவில்லை. 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது. பிறகு, பட்டாளத்துத் தோட்டா தனியார் துப்பாக்கியில் நுழையவே கூடாது என்றார்கள். .303 கிடையாது. பதிலுக்கு ஆஸ்திரிய ராணுவத் தோட்டா ஒன்று, .315 என்ற பெயரில் வேட்டைக்காரர்களுக்கு வந்து சேர்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இஷாப்பூர் சர்க்கார் தொழிற்சாலையே அந்த ரகத் துப்பாக்கியைச் செய்தது.

வெளிநாட்டில் அதை வைத்திருப்பவர் பாடு திண்டாட்டம். கூடு லேசில் கிடைக்காது. ரஷ்ய 7.62 தோட்டாவின் காலிக் கூட்டை எடுத்து, கழுத்தை மட்டும் சூடாக்கி (அடிப்பாகம் இளகினால் ஆபத்து!), அச்சில் அழுத்தி, நீளத்தைக் குறைத்து, அளவாக மருந்து போட்டு ஒருமுறை சுடுவார்கள். உள்ளே எழும் அழுத்தத்தில் பித்தளை உப்பி, துப்பாக்கி அறையின் வடிவத்தை அப்படியே வாங்கிக்கொள்ளும். குண்டு எங்கே போனால் என்ன, வேண்டியது அந்தக் காலிக் கூடுதான்!

சரி, ஜனங்களிடம் தோட்டா போய்விடக் கூடாதென்று இத்தனை பூட்டுப் போட்ட சர்க்கார், தன் தோட்டாவை எங்கே செலவழித்தது? உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3. குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு ரேகை வைக்க மாட்டோம் என்று ஊர் நின்றது. போலீஸ் சுட்டது. செத்தவர்கள் 16 பேர். அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருத்தி.