பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சாலை: பெரம்பலூர், அரியலூர் வரலாறு

பள்ளிப் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடுவதற்கென்று பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் தனிப் பணியிடம் கிடையாது. பிரிட்டனில் 1953-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வேலையைச் செய்பவருக்கு வாகனத்தை நிறுத்தும் அதிகாரமே கொடுத்தது. அமெரிக்காவில் 1920-களிலேயே மூத்த மாணவர்கள் தோளில் பட்டை அணிந்து பள்ளிச் சந்திப்புகளில் நின்றார்கள். இங்கோ பி.டி. வாத்தியார், சாரணர் மாணவர், போக்குவரத்துக் காவலர், பேரனைக் கைப்பிடித்து வரும் பாட்டி எனப் பலரும் அதைத் தங்கள் மற்ற வேலைகளோடு சேர்த்துச் செய்கிறார்கள்.

இதற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. காமராஜர் ஆட்சியில் ஊர்தோறும் பள்ளிகள் திறக்கப்பட்டபோது, பிள்ளை நடந்து போகும் தூரத்தில் பள்ளி இருக்கவேண்டும் என்பதே நோக்கம். அன்று இது மானாவாரிச் சீமை. சாலைகளில் மாட்டுவண்டிகளே மிகுதி. பள்ளி எவ்வளவு தூரம் என்று பார்த்தார்கள், இடையில் எந்தச் சாலை போகிறது என்று பார்க்கவேண்டிய தேவை எழவில்லை. அன்றைய நிலையில் அது குறையும் அல்ல.

அரியலூரில் சாலையின் குணத்தை மாற்றியது சுண்ணாம்புக்கல். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலாகக் கிடந்த நிலம் விட்டுச்சென்ற படிவு அது. அதை நம்பித் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் 1979-இல் அரியலூரில் ஆலை தொடங்கியது. பின்னர் ஆலத்தியூர், ரெட்டிப்பாளையம், தளவாய், கீழப்பழுவூர் எனத் தனியார் ஆலைகள் எழுந்தன. சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல் ஏற்றிச்செல்லும் டிப்பர் லாரிகளும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளும் ஒரே சாலையில் போகவேண்டியதாயிற்று. பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் லாரிகளை நிறுத்திவைக்கவேண்டும் என்ற கோரிக்கை இங்கிருந்து பிறந்தது. ஊர் மக்கள் கண்ட இந்த வழி, செலவில்லாததும் நியாயமானதும் ஆகும்.

பெரம்பலூரின் சிக்கல் வேறு. சென்னை–திருச்சி சாலை நெடுங்காலமாக இதன் வழியாகத்தான் போகிறது. 2000-களின் இறுதியில் அது நான்குவழிச் சாலையானபோது, சாலையோர ஊர்கள் பலவும் இரண்டு துண்டாயின. ஒரு பக்கத்துத் தடம் மட்டுமே சுமார் ஏழு மீட்டர் அகலம். நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் சிறு பிள்ளைக்கு அதைக் கடக்க ஏழு நொடி ஆகும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் கார் அதற்குள் 155 மீட்டர் ஓடிவிடும். அவ்வளவு தொலைவில் வரும் வண்டியின் வேகத்தைப் பிள்ளை மதிப்பிடவேண்டும். சிறு பிள்ளைகளால் அது நம்பத்தக்க விதத்தில் முடியாது என்பதை ஸ்வீடனின் உளவியலாளர் ஸ்டினா சாண்டல்ஸ் 1960-களிலேயே எடுத்துக்காட்டினார். வலது பார், இடது பார் என்று கற்பிப்பது அவசியம்தான். ஆனால் அந்தப் பாடம் மட்டும் ஆறு வயதுப் பிள்ளையைக் காப்பாற்றிவிடாது.

சட்டம் முதலில் கவனித்தது பேருந்தில் போகும் பிள்ளையைத்தான். 1997-இல் டெல்லியில் பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்தபின் உச்ச நீதிமன்றம் விதிகள் வகுத்தது. 2012-இல் சென்னையை அடுத்த தாம்பரம் பகுதியில் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியே சிறுமி ஒருத்தி விழுந்து இறந்தாள். உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்தது, தமிழக அரசு பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. பேருந்தில் உதவியாளர் கட்டாயமானார். நடந்தும், அரசு கொடுத்த சைக்கிளிலும் போகும் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அப்படி ஒருவர் இல்லை. இந்த இரண்டு மாவட்டங்களின் சாலைகளில் ஆபத்தை நேருக்கு நேர் சந்திப்பவர்கள் இவர்களே.

அவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு பெரும்பாலும் கேட்டு வாங்கியது. விபத்து நடக்கும், ஊர் சாலை மறியலில் உட்காரும், பிறகு வேகத்தடையோ காவல்துறையின் பேரிகார்டோ வரும்.

கல்வி உரிமைச் சட்டத்துக்காக 2010-இல் மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகள், பள்ளிக்குப் போகும் வழியில் சிறு பிள்ளைகளுக்கு ஆபத்து இருந்தால் தூர வரம்பைக் குறைத்துப் பள்ளி அமைக்கச் சொல்கின்றன. காமராஜர் காலத்துக் கணக்கில் விடுபட்ட சாலை இங்கேதான் கணக்கில் வருகிறது. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலையைப் பாதுகாப்புத் தரப்படி வடிவமைக்காத, பராமரிக்காத அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஆனால் அந்தத் தவறால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்திருந்தால்தான் அந்தப் பிரிவு பொருந்தும்.