பத்திலொன்று யாருக்கு? கண்டிப் பிரதேசத் திருச்சபைகளின் பொருளாதார அடித்தளம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஈழத்துக் கிறித்தவத்தின் வரலாறு பெரும்பாலும் மதமாற்றத்தின் வரலாறாகவும், கல்விப் பணியின் வரலாறாகவும், அச்சியந்திரத்தின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. கோயிலைக் கட்டுவித்தவர் யார், குருவானவருக்கும் உபதேசியாருக்கும் ஊதியம் எங்கிருந்து வந்தது என்னும் வினாக்கள் பின்னிணைப்புக்கு உரியனவாகவே கருதப்பட்டன. ஆயின் எந்தவொரு சமய நிறுவனத்தினதும் சமூகப் பண்பினை அறிய விழைவோர், அதன் போதனையை நோக்குவதோடு அமையாது, அதன் கணக்கேட்டினையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும். கண்டி நகரையும் அதனைச் சூழ்ந்த பெருந்தோட்டங்களையும் களமாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் தசமபாகம் என்னும் கருத்தினைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். பழைய ஏற்பாட்டுச் சட்டத்திற் கூறப்படும் பத்திலொரு பங்கு, நிலத்தின் விளைவிலிருந்தும் மந்தையிலிருந்தும் கொடுக்கப்பட்டதாகும். கானான் நிலம் பங்கிடப்பட்டபோது பங்கு பெறாத லேவி கோத்திரத்தாரின் பிழைப்புக்காகவே அது விதிக்கப்பட்டது. உபாகமம் பதினான்காம் அதிகாரம், மூன்றாம் ஆண்டின் பத்திலொன்று லேவியருக்கும் அந்நியருக்கும் அநாதைகளுக்கும் விதவைகளுக்கும் உரியது எனக் கூறுகின்றது. அதாவது, நிலமுடையோர் நிலமற்றோருக்குக் கொடுக்கும் பங்காகவே தசமபாகம் தோன்றியது. புதிய ஏற்பாட்டிலோ, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், வீத அளவு எதனையும் விதிக்காது மனவிருப்பத்தையே கொடையின் அளவுகோலாக்குகின்றார். பின்னர் ஐரோப்பாவில் நிலவுடைமைச் சமுதாயம் நிலைபெற்றபோது தசமபாகம் சட்டத்தின் வலிமை பெற்ற வரியாயிற்று. இங்கிலாந்தில் 1836ஆம் ஆண்டுச் சட்டம் அதனைப் பணமாகச் செலுத்தும் நிலக்கட்டணமாக மாற்றியது. இவ்வாறு இலங்கைக்கு ஆங்கிலேயர் கொண்டுவந்த திருச்சபை, தன் தாயகத்தில் நிலவரியில் ஊன்றி நின்ற ஒரு நிறுவனமே என்பது மனங்கொள்ளத்தக்கது.

கண்டி இராச்சியத்தின் நிலை வேறு. அங்கு சமய நிறுவனங்களைத் தாங்கியது தசமபாகமன்று, நிலமும் ஊழியமுமே. விகாரைகளுக்கும் தேவாலயங்களுக்கும் அரசர்கள் கிராமங்களை வழங்கினர். அந்நிலங்களை உழுதவர்கள் அதற்கீடாகச் சமையல், மேளம், பெரகரா, கூரை வேய்தல் முதலிய கடமைகளைச் செய்தனர். 1815ஆம் ஆண்டின் கண்டி உடன்படிக்கை பௌத்த சமயத்தைப் பாதுகாப்பதாக வாக்களித்தது. 1832இல் அரசுக்குரிய இராஜகாரியம் ஒழிக்கப்பட்ட போதும் கோயில் நிலங்களின் ஊழியம் தொடர்ந்தது. 1870ஆம் ஆண்டுச் சட்டமே அவ்வூழியத்தைப் பணமாக மாற்றிக் கொள்ள வழி செய்தது.

ஆயினும் ‘பத்திலொன்று’ என்னும் அளவு கண்டி விவசாயிக்கு அறியாததொன்றன்று. 1817-18 கிளர்ச்சி அடக்கப்பட்டபின், 1818 நவம்பரில் வெளியிடப்பட்ட பிரகடனம், நெல் விளைவில் பத்தில் ஒரு பங்கினை அரசுக்கு வரியாக விதித்தது. அரசுக்கு விசுவாசமாயிருந்தனவென்று கொள்ளப்பட்ட பகுதிகளுக்கு அது பதினான்கில் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. கோயில் நிலங்களுக்கு விலக்களிக்கப்பட்டது. இந்நெல்வரி 1892இலேயே ஒழிக்கப்பட முடிவாயிற்று. எனவே கண்டியின் குடியானவன் அறிந்த தசமபாகம் ஆண்டவனுக்குச் செலுத்திய காணிக்கையன்று, ஆள்பவனுக்குச் செலுத்திய திறையேயாகும்.

இவ்விரண்டுக்கும் தொடர்பே இல்லையெனக் கூறிவிடவும் முடியாது. 1845இல் கொழும்பு மறைமாவட்டம் நிறுவப்பட்டு ஜேம்ஸ் சப்மன் முதலாவது பேராயரானார். தலதா மாளிகையின் அயலிலே எழுந்த புனித பவுல் ஆலயம் 1846இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டு 1853இல் அபிஷேகம் செய்யப்பட்டது. அக்காலத்தில் அரசாங்கக் குருமார் பொதுத் திறைசேரியிலிருந்து சம்பளம் பெற்றனர். அத்திறைசேரியை நிரப்பியவற்றுள் நெல்வரியும் ஒன்று. பௌத்தரும் இந்துக்களும் முஸ்லிம்களும் செலுத்திய வரியில் ஒரு பகுதி, சிறுபான்மையினரான ஆங்கிலேய அதிகாரிகளதும் தோட்டத்துரைமாரதும் வழிபாட்டுக்குப் பயன்பட்டது. இம்மானியத்தை முடிவுக்குக் கொண்டுவர வழிவகுத்தது 1881ஆம் ஆண்டுச் சட்டம். அதன்பின் ஆங்கிலிக்கன் திருச்சபை தன் உறுப்பினரின் கையை நோக்கவேண்டிய நிலை தோன்றியது. இலங்கையில் ‘திருச்சபைக்குக் கொடுத்தல்’ என்பது ஒரு பிரச்சினையாக உருக்கொண்டது இக்காலத்திலேயே எனலாம்.

இனித் தமிழரின் நிலையை நோக்குவோம். கோப்பித் தோட்டங்கள் பெருகிய காலத்தில், தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து மன்னார் வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் கால்நடையாக வந்த தொழிலாளரிடையே சமயப்பணி செய்வதற்கென 1854இல் ‘தமிழ்க் கூலி மிஷன்’ தோன்றியது. திருச்சபைத் தொண்டர் சங்கம், அதாவது சி.எம்.எஸ்., 1818 முதல் இலங்கையிற் பணியாற்றி வந்ததாயினும், இம்மிஷனின் தோற்றத்துக்கு உந்துதலளித்தோர் கண்டிப் பகுதித் தோட்டத்துரைமாரே. திருநெல்வேலியில் அனுபவம் பெற்ற செப்ரிமஸ் ஹொப்ஸ் இதன் முதல் மேற்பார்வையாளரானார். உபதேசிமாரும் திருநெல்வேலியிலிருந்தே வரவழைக்கப்பட்டனர். மிஷனரியின் சம்பளத்தைச் சங்கம் ஏற்க, உபதேசிமாரின் செலவைத் துரைமாரின் சந்தா தாங்கியது.

இவ்வேற்பாட்டின் சமூகப் பொருள் யாது? உபதேசியாருக்கு ஊதியமளித்தவரும், அவர் போதனையைக் கேட்ட தொழிலாளருக்குக் கூலி கொடுத்தவரும் ஒருவரே. விடியலிற் பிரட்டுக்களத்தில் ஆட்கணக்கு எடுக்கப்பட்ட அதே வேளையில், துரையின் அனுமதியுடன், உபதேசியாரின் குரலும் ஒலித்தது. எனவே தொழிலாளியின் கண்ணுக்குச் சுவிசேஷம் தோட்ட நிருவாகத்தின் ஓர் அங்கமாகத் தோன்றியிருப்பின் அதில் வியப்பில்லை. எனினும் உபதேசிமாரின் பணியை வெறும் முதலாளித்துவக் கருவியென ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. எழுத்தறிவு பெறும் வாய்ப்பு அறவே அற்றிருந்த லயங்களுக்கு எழுத்தையும் வாசிப்பையும் முதலிற் கொண்டு சென்றோருள் அவர்களும் அடங்குவர். முரண்பாடு தனிமனிதரின் உள்ளத்தில் இருந்ததன்று. பொருளாதார அமைப்பில் இருந்தது.

கொடுப்பவரே ஆளுகையையும் தீர்மானிப்பர் என்பதற்கு 1876ஆம் ஆண்டுப் பிணக்கு சான்றாகின்றது. அவ்வாண்டில் பேராயர் றெஜினோல்ட் கொப்பிள்ஸ்ரன், தோட்டப் பகுதிப் பணிகளைத் தம் குருமாரின் அதிகாரத்தின் கீழ்க் கொணர முயன்றார். சி.எம்.எஸ். மிஷனரிமார் இதனை எதிர்த்தனர். அவர்தம் அனுமதிப் பத்திரங்கள் மீளப்பெறப்பட்டன. தமிழ்க் கூலி மிஷனுக்குச் சந்தா கொடுத்த துரைமார் யாவரும் ஆங்கிலிக்கர் அல்லர். ஸ்கொத்லாந்துப் பிரெஸ்பிற்றேரியரும் பிறரும் அவர்களிடையே இருந்தனர். பேராயரின் முழு ஆளுகையை ஏற்பின் அவர்களது ஆதரவு நிலைக்குமா என்பது எதிர்த்தோரின் கவலைகளுள் ஒன்றாயிற்று. 1880இல் இங்கிலாந்தின் உயர் திருச்சபைத் தலைவர்கள் அளித்த கருத்துரையை அடுத்தே பிணக்குத் தணிந்தது. ஆனால் இப்பிணக்கில் எத்தரப்பினரும் கேளாத ஒரு குரல் உண்டு. அது தமிழ்ச் சபையாரின் குரல். பணம் கொடுக்காத காரணத்தால் அவர்கள் பேச்சும் கணக்கில் வரவில்லை.

துரைமாரின் சந்தா கோப்பியின் விலையோடு பிணைந்தது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தது. 1884இல் ஓரியன்ரல் வங்கி வீழ்ந்தது. தோட்டம் வீழ்ந்தபோது கொடையின் ஊற்றும் வற்றிற்று. தேயிலை வேரூன்றிய பின்னரே நிலைமை சீர்பட்டது. பிறர் கொடையில் வாழும் சபை உலகச் சந்தையின் ஏற்றத்தாழ்வுக்கு உட்பட்டது என்னும் பாடத்தை இக்காலம் கற்பித்தது.

இப்பாடத்தை முன்னரே உணர்ந்தவர் சி.எம்.எஸ். செயலாளராக 1841 முதல் 1872 வரை விளங்கிய ஹென்றி வென். சுதேச சபை தன்னைத் தானே தாங்கவும், தன்னைத் தானே ஆளவும், தன்னைத் தானே பரப்பவும் வேண்டுமென்பது அவரது கொள்கை. திருநெல்வேலிச் சபைகள் இவ்வழியில் முன்னேறின. பிடியரிசி, அறுப்பின் பண்டிகைக் காணிக்கை, காணிக்கைப் பொருளை ஏலங்கூறல் என மக்களின் வாழ்க்கையோடு இயைந்த முறைகள் அங்கு வழங்கின. சொந்த வயலும் பனையும் தோட்டமும் உடைய சிற்றூர்ச் சமுதாயத்துக்கு அவை இயல்பாகப் பொருந்தின. நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டு லயத்தில் வாழ்ந்தவனுக்கு அறுப்பு ஏது? அவன் கொய்த கொழுந்து அவனுடையதன்று. அவன் அடுப்பிலிட்ட அரிசியுங்கூடத் தோட்டம் வழங்கிக் கூலியிற் கழித்துக் கொண்டதாகும்.

ஒரு சிறு கணக்கு இதனை விளக்கும். 1927ஆம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் 1929இல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, கண்டி போன்ற நடுநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 52 சதமும் பெண்ணுக்கு 41 சதமும் சிறுவருக்கு 31 சதமும் கூலியாகும். மாதத்தில் இருபது நாள் வேலை கிடைக்குமாயின் ஆணின் வருமானம் 10 ரூபா 40 சதம். அதன் பத்திலொன்று 1 ரூபா 4 சதம். இது இரண்டு நாள் உழைப்பாகும். பெரிய சம்பளம் பெறுபவனின் பத்திலொன்று அவனது சேமிப்பிலிருந்து வருவது. இவனது பத்திலொன்று இவனது உணவிலிருந்து வருவது. மேலும், அவன் தலையை எண்ணிக் கங்காணி பெற்ற தலைக்காசும், 1921இல் ஒழிக்கப்படும்வரை அவனைக் கடனோடு கைமாற்றிய துண்டு முறையும், அவன் உழைப்பில் வேறு பலர் ஏற்கெனவே ‘பாகம்’ பெற்றுவந்தமையைக் காட்டுவன.

எனினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. ஏழையிடம் கொடை கேட்பது கொடுமை என்பார்க்கு, அவனிடம் கேளாமல் விடுவது அவமதிப்பு என விடையிறுத்தோர் இருந்தனர். 1912 முதல் 1945 வரை தோர்ணக்கல் பேராயராயிருந்த, திருநெல்வேலி மாவட்டத்துத் தமிழரான வே. ச. அசரியா இவர்களுள் முதன்மையானவர். நிலமற்ற தெலுங்கு நாட்டுத் தாழ்த்தப்பட்ட மக்கள் தானியத்தாலும் உடலுழைப்பாலும் தம் சபையைத் தாங்க முடியும் என்பதை அவர் வலியுறுத்தினார். கொடுப்பவன் இரவலன் நிலையிலிருந்து விடுபடுகிறான். தான் கட்டிய கோயிலில் அவனுக்கு உரிமை பிறக்கிறது. தொழிலாளர் பின்னர்த் தம் தொழிற்சங்கங்களுக்குச் சந்தா செலுத்தி உரிமைக்குரல் எழுப்பியதை நோக்குமிடத்து இவ்வாதத்தின் வலிமை புலனாகும். எனவே சிக்கல் ஏழை கொடுப்பதில் அன்று. கொடுத்ததன்மேல் அவனுக்கு ஆளுகை உண்டா என்பதிலேயே உள்ளது.

சுதந்திரத்துக்குப் பிந்திய காலம் இவ்வடித்தளத்தை முற்றாக மாற்றியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்குரியோராக வகுத்தது. சந்தா செலுத்திய குடும்பங்கள் கப்பலேறின. சபைப் பதிவேடுகள் மெலிந்தன. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியபோது துரைமாரின் கொடை மரபும் முடிவுற்றது. 1992இன் பின் தோட்ட நிருவாகம் தனியார் கம்பெனிகளிடம் சென்றபோதும் அம்மரபு மீளவில்லை. கண்டிப் பகுதி 1950இல் அமைந்த குருநாகல் மறைமாவட்டத்துள் அடங்கியது. அதன் சபைகளுக்குத் தம் மக்களே முதலாதாரமாயினர்.

இதே காலத்தில் மற்றொரு சிந்தனையும் அரும்பியது. 1972இல் இயேசுசபைத் துறவி போல் கஸ்பர்ஸ் கண்டியில் நிறுவிய சத்தியோதயம், திருச்சபை தொழிலாளரிடமிருந்து எதைப் பெறலாம் என்பதை விடுத்து, தொழிலாளருக்கு எதைக் கடன்பட்டிருக்கிறது என வினவியது. மூன்றாம் ஆண்டின் பத்திலொன்று பற்றிய பழைய விதியின் உட்பொருளும் இதுவேயன்றோ? அண்மைக் காலத்திற் பல சுயாதீன சபைகளில் தசமபாகம் கட்டாயக் கடமையாகவும் செல்வத்துக்கு வாயிலாகவும் போதிக்கப்படுகின்றது. அப்போதனையில் அந்நியனும் அநாதையும் விதவையும் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை என்பதைச் சுட்டாமலிருக்க இயலாது.

தொகுத்து நோக்கின், கண்டிப் பிரதேசத் திருச்சபைகள் அரசின் மானியம், துரையின் சந்தா, மக்களின் காணிக்கை என்னும் மூன்று அடித்தளங்களைக் கண்டுள்ளன. முதலிரண்டு காலங்களிலும் தமிழ்த் தொழிலாளி சபையின் பணிக்குரிய பொருளாயிருந்தான். மூன்றாவது காலத்திலேயே அவன் சபையின் உரிமையாளனாகும் வாய்ப்புத் தோன்றியது. அவ்வாய்ப்பு எந்தளவுக்கு நிறைவேறியது என்பதைக் காணிக்கைத் தட்டில் விழுந்த தொகை காட்டாது. அத்தொகையைச் செலவிடக் கூடும் கூட்டத்தில் லயத்திலிருந்து வந்தவர் எத்தனை பேர் அமர்கின்றனர், அவர்களுள் கொழுந்து பறிக்கும் பெண்கள் எத்தனை பேர் என்பதே அதற்குரிய அளவுகோல். சபைகளின் கூட்டக் குறிப்பேடுகள் இந்நோக்கில் ஆராயப்படுதல் வேண்டும்.