சாதியின் பெயரைச் சொல்லாத மதில்கள்

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பைப் பிரித்து நின்ற தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று அரசால் இடிக்கப்பட்டது. அச்சுவர் யாரை யாரிடமிருந்து பிரித்தது என்பது ஊரறிந்த செய்தி. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று சரிந்து 17 தலித் மக்களைப் பலிகொண்ட சுவரோ, தனியார் வீடொன்றின் சுற்றுச்சுவர். அதையும் தீண்டாமைச் சுவர் என்றே தலித் இயக்கங்கள் அழைத்தன. ஆனால் சொந்த நிலத்தில் எழும் சுவரின் நோக்கத்தைச் சட்டத்தின் முன் மெய்ப்பிப்பது எளிதன்று. வளரும் நகரங்களில் ‘கேட்டட் கம்யூனிட்டி’ என்ற பெயரில் எழும் வளாகங்கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை இதற்குத் தெளிவான சான்று. கணினி நிறுவனங்களை ஒட்டி, காவலர் நிற்கும் நுழைவாயில்களோடு அடுக்குமாடி வளாகங்கள் இங்கே பெருகின. கூவம், அடையாறு, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட மக்களுக்கான கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளும் இதே தடத்தில்தான் உள்ளன. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். அங்கு குடியேற்றப்பட்டோரில் பெரும்பாலோர் தலித்துகள். 1970இல் தொடங்கப்பட்ட குடிசை மாற்று வாரியம் முதலில் நகருக்குள்ளேயே, மக்கள் வாழ்ந்த இடத்திலேயே வீடு கட்டித் தந்தது என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். 2021இல் வாரியத்தின் பெயர் மாறியது; நகரின் விளிம்புக்குத் தள்ளப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. அவர்களுள் பலர் இவ்வளாகங்களுக்குள் வீட்டு வேலைக்கும் துப்புரவுக்கும் அன்றாடம் செல்கின்றனர். பல வளாகங்களில் அவர்களுக்குத் தனி மின்தூக்கி, வெளியேறும்போது பைச் சோதனை.

இது பணத்தால் நேர்ந்த பிரிவினை, சாதியால் அன்று என்பது வழக்கமான மறுமொழி. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வார்டு விவரங்களைக் கொண்டு, சென்னை உள்ளிட்ட 7 பெருநகரங்களை ஆராய்ந்த திரினா விதயத்தில், காயத்ரி சிங் ஆகியோரின் 2012ஆம் ஆண்டுக் கட்டுரை வேறொன்றைக் காட்டியது. அந்நகரங்களில் சமூகப் பொருளாதார நிலையைவிடச் சாதியே மக்களை இடவாரியாக அதிகம் பிரித்திருந்தது.

வீட்டுச் சந்தையில் பாகுபாட்டைத் தடைசெய்வதற்கென்றே இயற்றப்பட்ட தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. அரசமைப்பின் 15(2)ஆம் உறுப்பு கடை, கிணறு, குளம், சாலை ஆகியவற்றைச் சொல்கிறது. வீட்டைப் பெயர் சுட்டிச் சொல்லவில்லை. பார்சி சமூகத்தினர்க்கு மட்டுமே உறுப்புரிமை என்ற அகமதாபாத் வீட்டுவசதிச் சங்கமொன்றின் விதியை 2005இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. பார்சிகள் சிறுபான்மையினர்தாம், ஆனால் சங்கம் அமைக்கும் உரிமையை முன்வைத்த அத்தீர்ப்பின் தருக்கம் ஆதிக்கச் சாதியினரின் சங்கத்துக்கும் பயன்படக்கூடியது.

எனினும் மதிலுக்குள் இருப்பது அனைத்தும் தனியார் உடைமை அன்று. இயக்கங்கள் போதிய அளவு கவனிக்காத இடம் இதுவே என்பது என் கருத்து. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சி அமைப்புக்குக் கட்டணமின்றி ஒப்படைக்க வேண்டும். மனைப்பிரிவின் பொதுச் சாலைகளும் அவ்வாறே ஒப்படைக்கப்படுகின்றன. அதன்பின் பூங்கா ஊருக்கு உரியது; அதன் வாயிலில் நிற்கும் காவலரோ சங்கத்தின் ஊழியர். 2016 முதல் நடைமுறையில் உள்ள திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்ஏ) பிரிவு, பொதுவளங்களையும் சாலைகளையும் பிறரோடு சமமாகப் பயன்படுத்தவிடாமல் பட்டியல் சாதியினரைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது.

ஒரு வளாகத்தின் சர்வே எண் தெரிந்தால், பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்க விவரத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் உள்ளாட்சி அமைப்பின் பெயர் இருக்கும். பூங்கா எந்த இடத்தில் என்பதை அனுமதிக்கப்பட்ட மனை வரைபடம் காட்டும். அதன் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கோரலாம்.