பாதியில் நின்ற சுவர்கள்

1597. ஒட்டோமான் அரியணையில் இருந்தவர் மூன்றாம் மெஹ்மெது. ஆனால் இஸ்தான்புல் அரண்மனையில் பெரும்பாலும் செல்லுபடியானது அவருடைய தாயார் சஃபியேவின் வார்த்தை. தன் பேர் விளங்க ஒரு பள்ளிவாசல் எழுப்ப ஆசைப்பட்ட அந்த அம்மையார் தேர்ந்தெடுத்த இடம் தங்கக் கொம்புக் கழிமுகத்தின் எமினோனு கரை. துறைமுகச் சந்தடி, யூதர்கள் நெருங்கி வாழ்ந்த தெருக்கள். இடத்தைப் பற்றியும் செலவைப் பற்றியும் முணுமுணுப்பு கிளம்பியது. சஃபியே காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் கடல் சும்மா இருக்கவில்லை.

வரைபடம் போட்டவர் தாவுத் ஆகா, மாமேதை சினானின் சீடர். நடுவே பெரிய குவிமாடம், நான்கு புறமும் அரைக் குவிமாடங்கள் என்று, குருநாதர் ஷெஹ்ஸாதே பள்ளிவாசலில் கையாண்ட அதே அமைப்பு. அஸ்திவாரம் தோண்டியதும் குழிக்குள் தண்ணீர் ஊறத் தொடங்கியது. இறைக்க இறைக்க ஊறியது. கல்லையும் இரும்பையும் இறக்கி அடித்தளத்தை வலுவாக்க வேண்டியிருந்தது. சுவர் கண்ணுக்குத் தெரியும் முன்பே தாவுத் ஆகா இறந்துபோனார்.

தல்கிச் அகமது பொறுப்பேற்றார். சுவர்கள் மெல்ல எழும்பின. 1603-ல் மெஹ்மெது இறந்தார். அரியணை ஏறிய பேரன் அகமது பாட்டியைப் பழைய அரண்மனைக்கு அனுப்பிவிட்டார். சஃபியேவின் கனவு முதல் வரிசை ஜன்னல் உயரத்தோடு நின்றது. பேரனுக்குக் கட்டட ஆசை இல்லாமல் இல்லை. நீலப் பள்ளிவாசல் என்று உலகம் கொண்டாடுவது அவர் கட்டியதுதான். பாட்டியின் சுவர்களை மட்டும் தொடவில்லை. அவை ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்பாரற்றுக் கிடந்தன, தீ வரும்வரை.

1660 ஜூலையில் மூண்ட பெருந்தீ நகரத்தின் பெரும்பகுதியைத் தின்றது. எமினோனுவின் யூதக் குடியிருப்புகளும் சாம்பலாயின. வீடிழந்தவர்கள் திரும்பிவர அனுமதிக்கப்படவில்லை. ஹாஸ்கோய் போன்ற பகுதிகளுக்குத் துரத்தப்பட்டார்கள். அவர்களுடைய இழப்பின் மேல்தான் அடுத்த அத்தியாயம் எழுதப்பட்டது. அழகைப் புகழும்போது இதையும் சொல்லாமல் விடக்கூடாது.

எழுதியவர் துர்ஹான் சுல்தான். அடிமைப் பெண்ணாக அரண்மனைக்குள் வந்து, நான்காம் மெஹ்மெதின் தாயாக உயர்ந்தவர். கட்டட வல்லுநர் முஸ்தபா ஆகாவைக் கொண்டு பழைய சுவர்களின் மேலேயே வேலையைத் தொடரச் செய்தார். 36 மீட்டர் உயரத்துக்குக் குவிமாடம் எழும்பியது. உட்சுவர்களில் இஸ்னிக் ஓடுகள் பதிந்தன. துர்ஹானுக்கென்று, தொழுகை மாடத்தோடு இணைந்த தனி மாளிகையும் சாய்தளப் பாதையும் அமைந்தன. பராமரிப்புச் செலவுக்கு? பக்கத்திலேயே ஒரு சந்தை கட்டி, கடை வாடகையை வக்ஃபுக்கு எழுதிவைத்தார். இன்று சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் எகிப்தியச் சந்தை அதுதான்.

1665-ல் திறப்பு விழா நடந்தது. கலாட்டா பாலத்தின் முனையில், இரண்டு மினார்களோடும் புறாக்கூட்டத்தோடும் நிற்கும் யெனி ஜாமி, அதாவது புதிய பள்ளிவாசல், இப்படி 68 ஆண்டு எடுத்துக்கொண்டு பிறந்தது. 1683-ல் மறைந்த துர்ஹான் அதன் வளாகத்திலேயே அடக்கமானார். தொடங்கிவைத்த சஃபியேவின் கல்லறை அங்கே இல்லை. அது ஹாகியா சோபியா வளாகத்தில், கணவர் மூன்றாம் முராதின் சமாதிக்குள் இருக்கிறது.