துடுப்பாட்டமும் பந்தயமும்: புக்கியிலிருந்து கணிப்புச் சந்தை வரை



துடுப்பாட்டம் கனவான்களின் விளையாட்டு என்று எமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்தார்கள். அந்தக் கனவான்கள் காசு வைத்து விளையாடியதைச் சொல்லித் தரவில்லை. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பிரபுக்கள் அணி சேர்த்ததே பெரும்பாலும் பந்தயத்துக்காகத்தான். 1774இல் எழுதப்பட்ட விளையாட்டு விதிகளிலேயே பந்தயத்துக்கென்று ஒரு பகுதி இருந்தது. ஒரு வீரரின் ஓட்டங்களை இன்னொருவரின் ஓட்டங்களோடு ஒப்பிட்டுப் பந்தயம் கட்டினால், வேறு விதமாகப் பேசியிருந்தாலொழிய, இரண்டு இன்னிங்சும் கணக்கில் வரும் என்று அது சொன்னது. பந்து எப்படி வீச வேண்டும் என்பதோடு, காசு யாருக்குப் போக வேண்டும் என்பதும் விதியாக இருந்த காலம் அது.

விளைவு வர அதிக காலம் செல்லவில்லை. ஒரே போட்டியின் இரண்டு இன்னிங்சிலும் சதம் அடித்த முதல் வீரர் வில்லியம் லாம்பேர்ட், 1817இல் அதைச் செய்தார். அதே ஆண்டில், ஒரு போட்டியை விலைக்கு விற்றார் என்ற குற்றச்சாட்டில், லோர்ட்ஸ் மைதானத்தில் விளையாட அவருக்குத் தடை விழுந்தது.

இந்தப் பழங்கதை இன்று எதற்கு என்று கேட்பீர்கள். "அம்மா, இது சூது இல்லை, மார்க்கெட்" என்று தாய்மாருக்கு விளக்கம் சொல்லும் பிள்ளைகள் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். தொலைபேசித் திரையில் வரைபடம் ஏறி இறங்குகிறது, வாங்கலாம், விற்கலாம். பார்த்தால் பங்குச்சந்தை போலத்தான் இருக்கிறது. பெயரை விட்டுவிட்டு இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பார்ப்போம். எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் யார்? முடிவைச் சொல்லும் நடுவர் யார்?

புக்கி என்றால் கொழும்பைத் தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இங்கிலாந்துக் குதிரைகளுக்குக் காசு கட்டும் கடை. அங்கே எதிர்ப்பக்கத்தில் நிற்பவர் கடைக்காரர். விலை போடுபவரும் அவரே. பிரித்தானியாவில் 1845ஆம் ஆண்டுச் சட்டப்படி பந்தயக் காசை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு வாங்க முடியாது. 1961இல் பந்தயக் கடைகள் சட்டபூர்வமாகத் திறந்த பிறகும் அந்த நிலை தொடர்ந்தது. அது மாறியது 2007இல்தான். அதுவரை கடைக்காரரின் வாக்குத்தான் உறுதி.

ஒரு மனிதர் விலை போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1981 ஹெடிங்லி டெஸ்ட் நல்ல உதாரணம். 227 ஓட்டங்கள் பின்தங்கிய இங்கிலாந்து மறுபடி துடுப்பெடுத்தாட வந்தது. அப்போது லாட்புரோக்ஸ் நிறுவனம் அதன் வெற்றிக்கு 500க்கு 1 என்று விலை போட்டது. போட்டவர் அந்த நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்த முன்னாள் விக்கெட் காப்பாளர் கொட்ஃபிரி எவன்ஸ். அவுஸ்திரேலிய வீரர்களான டெனிஸ் லில்லி 10 பவுணும் ரொட் மார்ஷ் 5 பவுணும் தங்களுக்கு எதிராகவே கட்டினார்கள். பொத்தம் ஆட்டமிழக்காமல் 149 அடித்தார், வில்லிஸ் 43 ஓட்டங்களுக்கு 8 விக்கெட் எடுத்தார், இங்கிலாந்து 18 ஓட்டங்களால் வென்றது. இருவருக்கும் சேர்த்து 7,500 பவுண் கிடைத்தது. அவர்கள் வேண்டுமென்று தோற்றதாக யாரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. ஆனால் இன்று ஒரு வீரர் அப்படிச் செய்தால் அவரது விளையாட்டு வாழ்வு அன்றோடு முடிந்துவிடும்.

2000 யூன் மாதத்தில் அன்ட்ரூ பிளாக், எட்வேர்ட் ரே ஆகியோர் தொடங்கிய பெட்ஃபேர் இந்த ஒழுங்கைத் தலைகீழாக மாற்றியது. இங்கே கடைக்காரர் விலை போடுவதில்லை. "இந்த அணி வெல்லும்" என்று ஒருவர் காசு வைக்க, "வெல்லாது" என்று இன்னொருவர் எதிர்க்காசு வைக்கிறார். நிறுவனம் இருவரையும் சேர்த்துவைத்து, வென்றவரின் இலாபத்தில் கழிவு எடுக்கும். தொடக்கத்தில் அது வழமையாக 5 வீதம் வரை இருந்தது. கணக்குப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சமபலமான இரண்டு அணிகளுக்குப் புக்கி தலா 1.90 என்று போட்டால், 100 வைத்து வென்றவருக்கு இலாபம் 90. பரிமாற்றத்தில் 2.00 கிடைத்து 5 வீதம் கழிந்தால் 95. ஆனால் எதிரே ஆள் இருந்தால்தான் வியாபாரம். காசு இருக்கும் இடத்துக்கே காசு போகும். அதே 2000இல் தொடங்கிய ஃப்ளட்டர் என்ற போட்டி நிறுவனம் விரைவிலேயே பெட்ஃபேருடன் இணைய நேர்ந்தது அதனால்தான்.

காலப் பொருத்தத்தைப் பாருங்கள். பெட்ஃபேர் தொடங்குவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், 2000 ஏப்ரலில், டில்லிப் பொலிசார் ஹன்சி குரோன்ஜேயின் தொலைபேசி உரையாடலை வெளியிட்டிருந்தார்கள். தோற்பதற்கு யாரும் காசு வைக்கலாம் என்ற வசதி ஆட்டநிர்ணயத்துக்கு அழைப்பு என்று புக்கிகள் கூக்குரல் இட்டார்கள். வியாபாரப் பொறாமையும் அதில் இருந்தது. பதிவுசெய்யப்பட்ட பரிமாற்றத்தில் ஒவ்வொரு காசுக்கும் தடயம் உண்டு. தொலைபேசியில் கடனுக்கு நடந்த மும்பாய்ப் பந்தயத்தில் அது கிடையாது. இதில் நான் பெட்ஃபேரின் பக்கம்.

கணிப்புச் சந்தை வேறு வழியால் வந்தது. 1988இல் அமெரிக்காவின் ஐயோவாப் பல்கலைக்கழகத்தில் ஜனாதிபதித் தேர்தலைக் கணிப்பதற்கு ஆசிரியர்கள் சிறு சந்தை ஒன்றைத் தொடங்கினார்கள். நடந்தால் 1 டொலர், நடக்காவிட்டால் பூச்சியம். ஒப்பந்தம் 40 சதத்துக்கு விற்றால், நடப்பதற்கு 40 வீத வாய்ப்பு என்று சந்தை நினைப்பதாகப் பொருள். பெட்ஃபேரின் மொழியில் அதுவே 2.50. பாத்திரம்தான் வேறு, பண்டம் ஒன்றுதான். 2020இல் பொலிமார்க்கெட் இதை மறைகுறி நாணயத்தில் கொண்டுவந்தது. அமெரிக்க அரசின் ஒழுங்காணையத்திடம் அனுமதி பெற்ற கல்ஷி, 2025 சனவரியில் விளையாட்டுக்கும் இறங்கியது. இது சூதாட்டம்தான் என்று பல மாநிலங்கள் அதனோடு மோதின.

நடுவர் கேள்வியில்தான் இவை பிரிகின்றன. பெட்ஃபேரில் நிறுவனத்தின் விதி. கல்ஷியில் ஒப்பந்தத்தில் எழுதியபடி அந்நிறுவனமே தீர்க்கும். பொலிமார்க்கெட்டில் பிணக்கு வந்தால் யூமா என்ற நாணயத்தை வைத்திருப்பவர்கள் வாக்களிப்பார்கள். 2003 மார்ச் 3, டேர்பனில் இலங்கைக்கு எதிராகத் தென்னாபிரிக்கா டக்வேர்த் லூயிஸ் அட்டவணையைத் தவறாகப் புரிந்துகொண்டது நினைவிருக்கும். 229 போதும் என்று எண்ணி, முரளியின் கடைசிப் பந்தை பவுச்சர் தட்டிவிட்டு நின்றார். 229 சமநிலைக்குத்தான் போதும். 2019 இறுதிப்போட்டியோ 241க்கு 241, சுப்பர் ஓவரிலும் 15க்கு 15, கடைசியில் பவுண்டரி எண்ணிக்கையில் இங்கிலாந்துக்குக் கிண்ணம். இப்படியான நாளில், ஒப்பந்தத்தில் இருந்த சொல் "வெல்லுமா" என்பதா, "கிண்ணத்தைப் பெறுமா" என்பதா என்பதில் காசு தங்கியிருக்கும்.

சந்தைக்குத் தகவல் அறிந்தவர் வருவது நல்லது, விலை உண்மையை நெருங்கும் என்று பொருளியலாளர் சிலர் வாதிடுவார்கள். தேர்தலுக்கு அது ஓரளவு பொருந்தலாம். துடுப்பாட்டத்தில் தகவல் அறிந்தவரே நிகழ்வை உண்டாக்கவும் முடியும். 1994இல் இலங்கையில் மார்க் வோவும் ஷேன் வோர்னும் ஒரு புக்கியிடம் காசு வாங்கினார்கள். காலநிலை, ஆடுகளம் பற்றிச் சொன்னதற்கு வாங்கியதாக 1998இல் ஒப்புக்கொண்டார்கள். 2010இல் லோர்ட்சில் மூன்று முறையற்ற பந்துகள் வீசப்பட்ட விவகாரத்தில் பாகிஸ்தான் வீரர்கள் மூவர் 2011இல் சிறை சென்றார்கள். முழுப் போட்டியைத் திருப்பப் பலர் வேண்டும்; ஒரு பந்தைத் திருப்ப ஒருவர் போதும். எனவே கேள்வி சிறிதாகச் சிறிதாக ஆபத்து பெரிதாகிறது. எந்தக் கேள்வியையும் ஒப்பந்தமாக்கக்கூடிய தளங்களைப் பற்றி எனக்குள்ள பயம் இதுதான்.

இலங்கை 2019 நவம்பரில் ஆட்டநிர்ணயத்தைக் குற்றமாக்கி, பத்து ஆண்டு வரை சிறை என்று சட்டம் செய்தது. இந்தியா 2025 ஓகஸ்டில் காசு வைத்து விளையாடும் இணையத்தளங்களையே தடை செய்தது.

இன்னொன்று. மைதானத்தில் இருந்துகொண்டு ஒவ்வொரு பந்தின் முடிவையும் உடனுக்குடன் வெளியே அனுப்புவதைத் தொழிலாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், பிடிபட்டால் வெளியேற்றப்படுவார்கள். தொலைக்காட்சிப் படம் அவர்களுக்குச் சில செக்கன் பிந்தித்தான் வருகிறது. எங்கள் பிள்ளைகள் பார்க்கும் இணையப் படம் அதற்கும் பிந்தி வருகிறது. விக்கெட் விழுந்து விலை மாறிய பிறகுதான் அவர்கள் திரையில் பந்துவீச்சாளர் ஓடத் தொடங்குகிறார்.