செஞ்சி மலையும் வீட்டுப் புலப்படமும்

பூகோளப் பாடம் இப்போது கைபேசிக்கே வந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் உள்ள கியூஆர் கோடை திக்ஷா செயலியில் காட்டினால் காணொளி ஓடுகிறது. கூகுள் எர்த்தில் உலக உருண்டையை விரலால் சுற்றலாம். இஸ்ரோவின் 'புவன்' 2009 முதல் இருக்கிறது. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்ற எனக்கு இதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் வரைபடம் என்பது யாரோ வெயிலில் நின்று அளந்தது என்பது மட்டும் திரையில் தெரிவதில்லை.

நாங்கள் படித்தபோது தாளில் எண்ணெய் தடவி, அட்லஸ் மேல் வைத்து இந்தியா வரைவோம். கங்கையைக் குறிப்போம், சொந்த ஊர் ஏரி எந்தத் திசையில் இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை.

இந்தியாவை அளக்கும் பெரும் வேலை நமக்குப் பக்கத்தில்தான் தொடங்கியது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சுமார் 12 கி.மீ. நீள அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளக்க ஆரம்பித்தார். முக்கோணத்தில் ஒரு பக்கமும் இரண்டு கோணமும் தெரிந்தால் மற்ற இரண்டு பக்கங்களைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். அப்படி முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாக நாடு முழுவதும் போனார்கள். கோணம் பார்க்கும் தியோடலைட் கருவி சுமார் அரை டன் எடை. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது அது மோதிச் சேதமானது. அதைச் செப்பனிட்டு வேலையைத் தொடர்ந்தார் லாம்டன்.

இதைக் கரும்பலகையில் சொன்னால் பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும். அதனால் செஞ்சிக்குக் கூட்டிப்போவேன். அங்கே ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளையும் மதில் இணைக்கிறது. முக்கோணம் கண்ணெதிரே நிற்கும். சமதரையில் 100 மீட்டர் டேப் பிடித்து, பலகையில் ஒட்டிய பாகைமானியால் இரண்டு முனையிலிருந்தும் மலை உச்சியைப் பார்க்கச் சொல்வேன். பிறகு தாளில் அளவுத்திட்டப்படி வரைய வேண்டும். பள்ளிக்கு இணையம் வந்த பின், கூகுள் எர்த் அளவுகோலில் சரிபார்த்தோம். நிறைய பேருக்கு விடை தள்ளிப்போகும். காரணம், 100 மீட்டர் அடிக்கோட்டிலிருந்து ஒரு கி.மீ. தொலைவைப் பார்க்கையில் கோணம் ஒரு டிகிரி பிசகினாலே சுமார் 200 மீட்டர் தவறும். லாம்டனுக்கு அவ்வளவு நீள அடிக்கோடும் அவ்வளவு கனமான கருவியும் ஏன் தேவைப்பட்டன என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைக்கும்.

அடுத்த வகுப்புக்கு வீட்டிலிருந்து புலப்பட நகல் கொண்டுவரச் சொல்வேன். நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கோட்டிலும் நீளம் எழுதியிருக்கும். செஞ்சியில் பார்த்த அதே கணக்கு. ஒரு மாணவி சொன்னாள்: "ஐயா, எங்கப்பா இதைப் பெட்டியில பூட்டி வச்சிருக்காரு. ஆனா படிக்கத் தெரியாது. நேத்து நான்தான் படிச்சுக் காட்டினேன்." வரப்புத் தகராறு இல்லாத ஊர் நம் பக்கம் உண்டா? ஏரிக்கரை சுருங்கிக்கொண்டே வருவதையும் பார்க்கிறோம். படம் படிக்கத் தெரிந்த பிள்ளை எதிரே நின்றால் எல்லைக்கல்லை நகர்த்துகிறவன் கொஞ்சம் யோசிப்பான்.

புலப்படம் இப்போது அரசின் இணையதளத்திலேயே கிடைக்கிறது. விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால் அதை எடுத்துக்கொண்டு, டேப்போடு கொல்லிக்கு ஒருநாள் கூட்டிப்போங்கள். சர்வே கல் எங்கே இருக்கிறது என்று அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.