ஒரே விமானம், இருவேறு இழப்பீடு

துபையிலிருந்து வந்த விமானம் 2010 மே 22 அன்று மங்களூரு விமான நிலையத்தில் ஓடுபாதையைத் தாண்டிச் சென்று பள்ளத்தில் விழுந்து தீப்பற்றியது. அதில் 158 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 152 பேர் பயணிகள். ஆறு பேர் விமானிகளும் பணியாளர்களும். பயணிகளில் ஒருவரின் குடும்பத்துக்கு 7.64 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வளைகுடா நாட்டில் அவர் ஈட்டிவந்த ஊதியத்தின் அடிப்படையில் கணக்கிடப்பட்ட தொகை அது. குறை சொல்ல ஏதுமில்லாத தீர்ப்பு.

அதே விமானத்தில் பணியில் இருந்தவர்களுக்கு எந்தச் சட்டம் பொருந்தும்? பயணிகளின் உரிமை 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரீல் உடன்படிக்கையிலிருந்து பிறக்கிறது. இந்தியா 2009-இல் அதில் இணைந்தது. பயணச்சீட்டுடன் பயணிப்பவருக்குத்தான் அந்த உடன்படிக்கை. அவருக்குத் தேநீர் பரிமாறியவருக்கோ, விமானத்தை ஓட்டியவருக்கோ அது பொருந்தாது. அவர்களுக்கு உரியது, 1923-இல் ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். விமானத்தின் தலைமை விமானியும் பிற பணியாளர்களும் 1995-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்போது அதில் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டனர். 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாறிய இச்சட்டம், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பின் ஓர் அத்தியாயமாகிவிட்டது. பெயரும் இடமும் மாறினவே தவிர, கணக்கிடும் முறை மாறவில்லை.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். பணியின் காரணமாகவும் பணிக்காலத்திலும் நேர்ந்த விபத்தில் ஊழியர் இறந்தால், அவரது மாத ஊதியத்தில் பாதியை, வயதுக்கேற்ப அட்டவணையில் தரப்பட்டுள்ள காரணியால் பெருக்க வேண்டும். முப்பது வயதுக்கு அந்தக் காரணி 207.98, நாற்பதுக்கு 184.17, ஐம்பதுக்கு 153.09. நிரந்தரமாக முழு உழைப்புத் திறனையும் இழந்தால் ஊதியத்தில் 60 விழுக்காடு கணக்கில் கொள்ளப்படும். முதலாளி தவறு செய்தார் என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. நூறாண்டுக்கு முன்னர் இது மிகப் பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

சிக்கல் 'மாத ஊதியம்' என்ற சொல்லில் இருக்கிறது. ஊழியர் உண்மையில் எவ்வளவு பெற்றாலும், கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் ஊதியத்துக்கு மத்திய அரசு ஓர் உச்சவரம்பை அறிவிக்கிறது. 2000-ஆம் ஆண்டில் அது 4,000 ரூபாய், 2010-இல் 8,000, 2020 ஜனவரியில் 15,000. புதிய சட்டத் தொகுப்பிலும் இந்த வரம்பை அறிவிக்கும் அதிகாரம் மத்திய அரசிடமே விடப்பட்டுள்ளது.

15,000 ரூபாய் வரம்பின்படி, மாதம் 60,000 ரூபாய் பெறும் நாற்பது வயது விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பர் பணியில் இறந்தால், அவர் குடும்பத்துக்குச் சட்டப்படி கிடைப்பது 13,81,275 ரூபாய். உண்மை ஊதியத்தைக் கணக்கில் கொண்டிருந்தால் அது 55,25,100 ரூபாயாக இருந்திருக்கும். முப்பது வயது விமானி ஒருவர் மாதம் எத்தனை இலட்சம் ஈட்டினாலும், சட்டத்தின் பார்வையில் அவருடைய உயிரின் மதிப்பு 15,59,850 ரூபாய்தான்.

இவை ஏட்டுக் கணக்குகள் அல்ல. 2015 டிசம்பரில் மும்பை விமான நிலையத்தில், புறப்படத் தயாரான விமானத்தின் இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டுத் தொழில்நுட்பர் ஒருவர் உயிரிழந்தார். 2019 ஜூலையில் கொல்கத்தாவில், பராமரிப்பில் இருந்த விமானத்தின் சக்கர அறைக் கதவுகள் மூடிக்கொண்டதில் மற்றொருவர் இறந்தார். 2022 மே 1 அன்று மும்பையிலிருந்து துர்காபூர் சென்ற விமானம் கடும் காற்றுக் கொந்தளிப்பில் சிக்கியபோது, காயமடைந்தவர்களில் பயணிகளோடு விமானப் பணியாளர்கள் மூவரும் இருந்தனர். பயணிகளை இருக்கைப் பட்டையை அணியுமாறு அறிவுறுத்திவிட்டு, அவர்கள் அணிந்துள்ளனரா என்று நடந்து சென்று பார்ப்பது அப்பணியாளர்களின் கடமை. கொந்தளிப்பில் கூரையில் மோதுபவர்களும் பெரும்பாலும் அவர்களே.

பயணிகளுக்கான உடன்படிக்கையின் வரம்பு எப்படி உயர்கிறது என்பதை இதனுடன் ஒப்பிட வேண்டும். விமான நிறுவனத்தின் தவறை மெய்ப்பிக்காமலேயே, இழப்பை மட்டும் நிறுவிப் பெறக்கூடிய தொகையின் அளவு சர்வதேச செலாவணி நிதியத்தின் சிறப்பு எடுப்புரிமை அலகில் குறிக்கப்படுகிறது. தொடக்கத்தில் அது ஒரு இலட்சம் அலகு. 2009 இறுதியில் 1,13,100; 2019 இறுதியில் 1,28,821; 2024 டிசம்பர் 28 முதல் 1,51,880. இன்றைய மதிப்பில் இது ஒன்றரைக் கோடி ரூபாய்க்கும் அதிகம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை விலைவாசியை ஆராய்ந்து வரம்பைத் திருத்த வேண்டும் என்று உடன்படிக்கையே விதித்திருக்கிறது. அதனால் எந்த அமைச்சரின் நினைவாற்றலையும் நம்பிப் பயணிகள் காத்திருக்கவில்லை. நம் ஊழியரின் வரம்போ அறிவிக்கை வரும்வரை அசையாது. பணவீக்கம் ஆண்டுதோறும் அரித்துச் செல்லும் தொகையைப் பத்தாண்டுக்கு ஒருமுறை நிமிர்த்தி வைப்பதைப் பொருளாதாரம் படித்த எவரும் பாதுகாப்பு என்று அழைக்க மாட்டார்.

பெரிய விமான நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்குக் குழுக் காப்பீடு எடுக்கின்றன. விமானிகளுக்கு உரிம இழப்புக் காப்பீடும் உண்டு. 2025 ஜூன் 12 அன்று ஆமதாபாதில் நேர்ந்த விபத்துக்குப் பின்னர் டாடா குழுமம் இறந்தோர் குடும்பங்களுக்கு ஒரு கோடி ரூபாய் அறிவித்தது. இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், ஒப்பந்தத்தாலும் நல்லெண்ணத்தாலும் வருபவை அவை. விபத்து நடந்த மறுநாள் நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது கிடைக்கும் தாராளம், நள்ளிரவில் சரக்கு வண்டியிலிருந்து ஒருவர் தவறி விழும்போது கிடைப்பதில்லை.

இதைச் சொல்லும்போது, கல்லூரியில் என்னிடம் பொருளாதாரம் பயின்ற ஒருவர் நினைவுக்கு வருகிறார். விமான நிலையத்தில் பயணப்பெட்டிகளை ஏற்றி இறக்கும் பிரிவில் பணியாற்றுகிறார். சென்ற ஆண்டு ஏப்ரலில் அவருடைய ஊதியம் 20,500 ரூபாயிலிருந்து 22,500 ரூபாயாக உயர்ந்தது. இனிப்புடன் வீட்டுக்கு வந்திருந்தார். ஜூலையில் மழை பெய்த ஓர் இரவில் ஏணிப்படியிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஐந்து மாதங்கள் பணிக்குச் செல்ல இயலவில்லை.

இஎஸ்ஐ எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் ஊதிய வரம்பு 2017 ஜனவரி முதல் 21,000 ரூபாய். அதற்குள் இருந்தால், பணி விபத்தால் வேலைக்குச் செல்ல இயலாத காலம் முழுவதும் ஊதியத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு கிடைக்கும். மருத்துவம் இலவசம். நிரந்தர ஊனமானால் மாதந்தோறும் தொகை வரும். இறந்தால் குடும்பத்துக்கு ஓய்வூதியம்போல வந்துகொண்டிருக்கும். வரம்பைத் தாண்டியவர் இழப்பீட்டுச் சட்டத்துக்கு வந்துவிடுகிறார். அங்கே தற்காலிக ஊனத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை மாத ஊதியத்தில் 25 விழுக்காடு. அதற்கும் 15,000 ரூபாய் வரம்பு உண்டு. மருத்துவச் செலவை முதலாளி தனியாக ஈடுசெய்ய வேண்டும்.

என் மாணவருக்கு இதன் பொருள் என்ன? பழைய ஊதியத்திலேயே நீடித்திருந்தால் மாதம் 18,000 ரூபாய்க்குச் சற்று அதிகமாகக் கிடைத்திருக்கும். ஊதிய உயர்வு பெற்றதால் அவருக்கு உரியது 7,500 ரூபாய். "ஐயா, இரண்டாயிரம் ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது என்று மகிழ்ந்தேனே" என்று அவர் கேட்டபோது, வகுப்பில் எந்தக் கேள்விக்கும் திணறாத நான் பதில் சொல்லத் திணறினேன். மாதம் இரண்டு இலட்சம் பெறுபவருக்கும் சட்டம் தரும் தற்காலிக ஈட்டுத்தொகை இதே 7,500 ரூபாய்தான்.

"உன் முதலாளி யார்?" என்று நான் கேட்டதற்கு அவர் மூன்று அட்டைகளை மேசைமீது வைத்தார். ஒன்று, விமான நிலையத்துக்குள் நுழைவதற்கான அனுமதி அட்டை. மற்றொன்றில் தரைச்சேவை நிறுவனத்தின் பெயர். ஊதியம் தருவதோ மூன்றாவது அட்டையில் உள்ள ஆள்சேர்ப்பு ஒப்பந்ததாரர். அவர் ஏற்றும் பெட்டிகள் வேறொரு விமான நிறுவனத்தின் பயணிகளுடையவை. விபத்துக்குப் பிறகு இவர்களில் ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சுட்டினர்.

இத்தகைய நிலையைச் சட்டம் 1923-லேயே முன்னுணர்ந்திருந்தது. தன் தொழிலின் வழக்கமான பகுதியாக உள்ள பணியை ஒப்பந்ததாரர் மூலம் செய்விக்கும் முதன்மை நிறுவனம், அந்த ஒப்பந்ததாரரின் ஆளுக்கு நேரும் விபத்துக்கும் தன் சொந்த ஊழியருக்குப்போலவே பொறுப்பாகும். கொடுத்த தொகையைப் பின்னர் ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். விபத்து அந்த முதன்மை நிறுவனத்தின் பொறுப்பிலோ கட்டுப்பாட்டிலோ உள்ள இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. பயணப்பெட்டியை ஏற்றுவது விமானத் தொழிலின் வழக்கமான பகுதி இல்லை என்று எவரும் வாதிட முடியுமா? ஆனால், இப்பிரிவு இருப்பதே பெரும்பாலான தொழிலாளர்களுக்குத் தெரியாது. இழப்பீட்டு உரிமைகளைப் பணியில் சேரும்போதே ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2017-இல் கொண்டுவரப்பட்ட திருத்தம் கூறுகிறது. தவறினால் அபராதமும் உண்டு. என் மாணவருக்கு எவரும் எதையும் தெரிவிக்கவில்லை.

ஊனத்தை அளவிடும் முறையிலும் கவனம் தேவை. கட்டைவிரலை இழந்தால் உழைப்புத் திறனில் 30 விழுக்காடு இழப்பு என்கிறது அட்டவணை. மேலே சொன்ன நாற்பது வயதுத் தொழில்நுட்பருக்கு இது 4,97,259 ரூபாய். அத்துடன் அமைதியடையத் தேவையில்லை. இடக்கையை இழந்த தச்சர் ஒருவர் இனித் தச்சுவேலை செய்யவே இயலாது என்பதால், அவருடைய இழப்பை 100 விழுக்காடாகக் கருத வேண்டும் என்று 1976-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அவர் செய்துவந்த தொழிலைக் கொண்டே இழப்பை அளக்க வேண்டும் என்பதே அதன் சாரம். விமானத் துறைக்கு இத்தீர்ப்பு மிகவும் பொருந்தும். ஓர் அலுவலக எழுத்தர் சற்றே மங்கிய செவித்திறனுடன் பணியைத் தொடரலாம். மருத்துவத் தகுதியை இழந்த விமானியால் இயலாது.

செவித்திறன் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரைச்சலால் ஏற்படும் காதுகேளாமை, தொழில்சார் நோய்களின் பட்டியலில் உள்ளது. ஆறு மாதங்களுக்குக் குறையாமல் அத்தகைய பணியில் தொடர்ந்து இருந்தவருக்கு, அது பணியால் வந்தது என்றே சட்டம் கருதும்; இல்லையென்று மறுப்பவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். விமானங்கள் நிற்கும் தளத்தில் ஆண்டுக்கணக்கில் நிற்பவர்களில் எத்தனை பேர் இதைக் கோரியிருப்பார்கள்? முதுகெலும்புத் தேய்மானத்துக்கு அந்த வாய்ப்பும் இல்லை. பட்டியலில் அது இடம்பெறவில்லை. சிறிய விமானங்களின் சரக்கறையில் நிமிர்ந்து நிற்க இயலாது. மண்டியிட்டபடியே, 32 கிலோ வரை எடையுள்ள பெட்டிகளை இழுத்து அடுக்க வேண்டும். பத்தாண்டுகளில் கெட்டுப்போகும் முதுகுக்கு 'விபத்து நடந்த தேதி' என்று எதை எழுதுவது?

பணிக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்துகளில் மட்டும் அண்மையில் நிலைமை மேம்பட்டிருக்கிறது. மகாராஷ்டிரத்தில் சர்க்கரை ஆலைக்கு இரவுப் பணிக்குச் சென்ற காவலர் வழியில் இறந்த வழக்கில், பணியுடன் தொடர்பு நிறுவப்பட்டால் அதுவும் பணிக்கால விபத்தே என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. புதிய சட்டத் தொகுப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. அதிகாலை மூன்று மணிக்கு இருசக்கர வாகனத்தில் விமான நிலையம் செல்வோருக்கு இது பெரும் ஆறுதல்.

செய்ய வேண்டிய திருத்தம் கடினமானதல்ல. ஊதிய உச்சவரம்பை நீக்கலாம். நீக்க மனமில்லையெனில், பயணிகளின் உடன்படிக்கையில் உள்ளதுபோலக் குறித்த காலத்துக்கு ஒருமுறை விலைவாசியுடன் உயரும்படி சட்டத்திலேயே எழுதலாம். இஎஸ்ஐ வரம்பைக் கடந்தவர் பணி விபத்துக் காப்பை மட்டுமாவது இழக்காதிருக்க வழி செய்யலாம். இதனால் கூடும் காப்பீட்டுச் செலவை ஒரு பயணச்சீட்டுக்கு இவ்வளவு என்று வகுத்தால் மிகச் சிறிய தொகையே வரும் என்பது என் கணிப்பு.

அதுவரை, பாதிக்கப்பட்ட குடும்பங்கள் சிலவற்றை அறிந்திருக்க வேண்டும். விபத்து மும்பையில் நடந்தாலும், திருநெல்வேலியில் வசிப்பவர் தம் பகுதிக்குரிய அதிகாரியிடமே மனு அளிக்கலாம். தமிழ்நாட்டில் இப்பொறுப்பைத் தொழிலாளர் துறை அதிகாரிகள் ஆற்றிவருகின்றனர். கால வரம்பு இரண்டு ஆண்டுகள். இறப்புக்கான இழப்பீட்டை நிறுவனம் அந்த அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும்; வீட்டுக்கு வந்து கையொப்பம் வாங்கிக்கொண்டு தரும் தொகை சட்டப்படியான இழப்பீடாகாது. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தந்த தாளும் செல்லாது. ஒரு மாதத்துக்குள் செலுத்தாவிட்டால் 12 விழுக்காடு வட்டியும், தாமதத்துக்குத் தக்க காரணம் இல்லையெனில் தொகையில் பாதிவரை தண்டத்தொகையும் உண்டு. பாதுகாப்பு விதியை ஊழியர் மீறினார் என்ற வாதம், இறப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் எடுபடாது. ஆனால், இழப்பீட்டு மனுவையும் உரிமையியல் வழக்கையும் ஒருசேர நடத்த இயலாது. நிறுவனத்தின் அலட்சியம் தெளிவாக உள்ளபோது எந்த வழியில் செல்வது என்பதை வழக்குரைஞரைக் கலந்த பின்னரே முடிவுசெய்ய வேண்டும்.

என் மாணவர் இப்போது கைத்தடியின்றி நடக்கிறார். குனிந்து பெட்டி தூக்க மருத்துவர் அனுமதிக்கவில்லை. அவருடைய மனுவில் ஒப்பந்ததாரர், தரைச்சேவை நிறுவனம், விமான நிறுவனம் ஆகிய மூவரும் எதிர்மனுதாரர்களாகச் சேர்க்கப்பட்டுள்ளனர். மூன்று அட்டைகளின் நகல்களும் அதனுடன் இணைக்கப்பட்டிருக்கின்றன.